சோழிக்குப்பத்துக்கு வாழ வந்த மணல்

எங்கள் சோழிக்குப்பத்துக்கு மணல் வாழ வந்தது ஒரு மாசி மாதத்தில், அது கோபித்துக்கொண்டு ஆத்தா வீட்டுக்குப் போனதும் அதே மாசியில்தான், இடையில் நாங்கள் அதற்குச் செய்த மரியாதை அந்த லட்சணத்தில் இருந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, ஊரே சேர்ந்து பட்ட அவமானத்தில் என் பங்குக்கு வந்தது கொஞ்சம்தான்.

அதற்கு முன்னால் எங்களிடம் மணல் இல்லாமலில்லை. தெற்கே துறைமுகத்துக்கென்று கடலுக்குள் கல்லைக் கொட்டி நீட்டிய பிறகு, காலங்காலமாகத் தெற்கிலிருந்து வடக்கே நடந்து வந்துகொண்டிருந்த மணல் வழியிலேயே நின்றுவிட, கடல் முதலில் நாங்கள் வலை காயப்போடும் இடத்தைத் தின்றது, அப்புறம் மீன் காயப்போடும் இடத்தைத் தின்றது, அப்புறம் கட்டுமரம் ஏற்றும் இடத்தைத் தின்றது, அதுவரை ஒரு ஆபீசரும் எட்டிப் பார்க்கவில்லை. ஊரின் வடகோடியில் இருக்கும் முத்துச்சிப்பி ரிசார்ட்டின் நீச்சல் குளத்துக்குள் ஒரு நாள் காலையில் கடல் புகுந்து குளித்துவிட்டுப் போனது, மறுநாளே ஜீப் ஜீப்பாக வந்து இறங்கினார்கள். ஆத்துவாய்க்குப்பத்தில் ஆறு கடலோடு சேருகிற முகத்துவாரத்தில் மணல் மேடு மேடாகத் தேங்கிக் கிடக்கிறது, அதைக் கப்பல் வைத்து உறிஞ்சிக் குழாய் வழியாகக் கொண்டுவந்து உங்கள் கரையில் கொட்டப் போகிறோம், இதைப் பற்றி ஊர்மக்கள் கருத்து என்ன என்று ரிசார்ட்டின் பெரிய ஹாலில் ஏசி போட்டுக் கூட்டம் வைத்தார்கள்.

கருத்துக்கு எங்கள் ஊரில் என்றைக்கும் பஞ்சமில்லை. கரைக்கு மணல் வந்தால் முதலில் படகு, அதற்கப்புறம்தான் நாற்காலி என்றார் ஊர் வழக்கையெல்லாம் தீர்த்துவைக்கிற நாட்டார் மாசிலாமணி. கொட்டுகிற மணல் வெள்ளையாக இருக்க வேண்டும், பொடியாக இருக்க வேண்டும், கெஸ்ட்டுகளின் பாதம் நோகக் கூடாது என்றார் ரிசார்ட் மேனேஜர் கந்தவேல். அவர் ஈரோட்டுப் பக்கத்து ஆள், கடலையே வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் பார்த்தவர், எதைச் சொன்னாலும் மரியாதையாகச் சொல்வார், மரியாதையாகச் சொல்லியே எங்களைக் கரையைவிட்டுத் துரத்தியவர். மீன் விற்கிற எல்லம்மா எழுந்து கொண்டையை இறுக்கிக்கொண்டு, "கொட்றது இருக்கட்டும் சார், அது நல்ல குடும்பத்து மண்ணுதானா, விசாரிச்சீங்களா?" என்று கேட்டாள். என்ஜினீயர் மணலின் பருமனைப் பற்றி ஏதோ சொல்ல, "பருமன யாரு கேட்டா, கொணத்தக் கேட்டேன்" என்றாள்.

அப்போது பின்வரிசையிலிருந்து யாரோ, "ஆத்துவாயில இருந்து வந்தது எது இந்த ஊர்ல ஒழுங்கா தங்கியிருக்கு?" என்றார்கள். ஹாலில் இருந்த எல்லாத் தலையும் தேசிங்கைப் பார்த்துத் திரும்பியது.

தேசிங்கு எங்கள் ஊர்க்காரன், ரிசார்ட்டின் கடற்கரைப் பொறுப்பாளன், அதாவது காலையில் குடையும் நாற்காலியும் போட்டுச் சாயங்காலம் எடுத்து வைப்பவன். அவன் பெண்சாதி பூங்காவனம் ஆத்துவாய்க்காரி. கரையோரம் நாலு கம்பு நட்டு ஓலை வேய்ந்து மீன் வறுத்து விற்றுக்கொண்டிருந்தாள், அவள் கை மசாலாவுக்கு ரோட்டில் போகிற கார் தானாக நிற்கும். வறுவல் வாசனை கெஸ்ட்டுகளுக்கு ஆகவில்லை, கொட்டகையை எடுத்துவிடுங்கள் என்று கந்தவேல் மரியாதையாகச் சொன்னார், எடுக்கிற வேலை கடற்கரைப் பொறுப்பாளனுடையது, தேசிங்கும் போய்த் தன் பெண்சாதியின் கொட்டகையைத் தன் கையாலேயே பிடுங்கிப்போட்டான். அவள் கையைக் கழுவிக்கொண்டு, ரோட்டுக்கு ஏறி, தெற்கே போகிற பஸ்ஸில் உட்கார்ந்துவிட்டாள். அது போன வருஷத்துத் தை மாதம். அவன் போய்க் கூப்பிடவில்லை. ஆத்துவாய்ப் பக்கம் சவாரி போகிற ஆட்டோக்காரனிடம் ஒரு தடவை, "வரச் சொன்னேன்னு சொல்லு" என்று சொல்லியனுப்பினான், ஆட்டோக்காரன் சொன்னானோ மறந்தானோ, அவள் வரவில்லை. போனவளுக்கு வரத் தெரியாதா என்று எங்களிடம் வீறாப்பாகப் பேசுவான், பேசிவிட்டு ரிசார்ட் கேன்டீன் உப்புமாவைக் கண்ணீர் விடாத குறையாக விழுங்குவான். அவளில்லாமல் அவன் பாதியாகிப் போனான் என்பது ஊருக்கே தெரிந்ததுதான்.

மணல் வந்தது. கப்பல் தூரத்தில் நின்று உறிஞ்ச, யானைத் தடிமன் குழாய் கரையில் வாயைப் பிளந்து கக்க, சாம்பலும் தண்ணீருமாக வந்து விழுந்த மணல் வெயிலில் காயக் காய வெளுத்து, எங்கள் பாட்டன் காலத்துக் கரையைவிட அகலமான கரை ஒன்று எங்கள் முன்னால் வந்து படுத்துக்கிடந்தது. ஊர் மொத்தமும் வேடிக்கை பார்த்தோம். ஒருத்தி ஒரு கிண்ணம் ஆரத்தி கரைத்து எடுத்து வரவில்லை, வலது காலை வைத்து வா என்று ஒரு வாய் சொல்லவில்லை. முதல் காரியமாக அதன்மேல் டிராக்டரை ஏற்றிச் சமன் செய்தார்கள். கந்தவேல் ரிப்பன் வெட்டினார். ஆள் உயர ஸ்பீக்கர் வைத்து, நெஞ்சு அதிரப் பாட்டுப் போட்டு, எண்ணெய் பூசிய ஆட்கள் அதன்மேல் புரண்டார்கள், எழுந்து போகும்போது காலை உதறிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்கள். இங்கே மீன் காயவைக்கக் கூடாது என்று போர்டும் வைத்தார்கள். அந்தப் போர்டை நட்டவனும் தேசிங்குதான்.

மணல் சில நாள் பொறுத்துப் பார்த்தது. பிறகு ஒரு நாள் காலையில், இட்லிக் கடையில் கூட்டம் குறைந்து பால்காரர் திரும்பிப் போகிற நேரத்தில், கரையின் ஒரு ஓரமாக எழுந்து, உடம்பை உதறி, மேலே கிடந்த ஆட்களை மெதுவாக ஈரக் களிமண்ணில் இறக்கிவிட்டு, ரிசார்ட் தோட்டத்தின் வழியாக நடந்து ரோட்டுக்கு ஏறியது. ஏறி, இடது பக்க ஓரமாகவே, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல், இடுப்பளவு உயரத்தில் ஒரே நீளமாகத் தெற்கே போயிற்று. டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் காலைத் தூக்கிக்கொண்டார்கள். பாண்டிச்சேரி பஸ் வேகம் குறைத்துப் பின்னால் வந்தது, கண்டக்டர் படியில் நின்று ஏறுகிறதா என்று கையைக் காட்டிக் கேட்டார், அது ஏறவில்லை, அவ்வளவையும் எங்கே உட்காரவைப்பது என்று அவரும் வற்புறுத்தவில்லை. செக்போஸ்ட் போலீஸ்காரர் வண்டிகளை நிறுத்தி அதற்கு வழி விட்டார். மத்தியானத்துக்குள் அது ஆத்துவாய் முகத்துவாரத்தில் போய், கிளம்பின இடத்திலேயே, முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டதாகச் சேதி வந்தது.

"கோச்சிக்கினு ஆத்தா வூட்டுக்குப் பூட்ச்சி" என்றாள் எல்லம்மா, மீன் கூடையை இறக்கியபடியே. இதற்கு மேல் யாரும் காரணம் கேட்கவில்லை, கேட்க என்ன இருக்கிறது, பார்த்தாலே தெரிந்தது.

என்ஜினீயருக்கு மட்டும் தெரியவில்லை. இது அரிப்பு என்றார். அரிப்பு பஸ் ரூட்டில் போகுமா என்று நாட்டார் கேட்டதற்கு ஒரு படம் வரைந்து காட்டினார். கப்பலைத் திரும்ப வரவழைத்து, திரும்ப உறிஞ்சி, திரும்பக் கொட்டினார்கள். இந்தத் தடவை மணல் மூன்றாம் நாள் வரைகூடப் பொறுக்கவில்லை, போகும்போது வெறுங்கையோடும் போகவில்லை, குடை நாற்காலி எல்லாவற்றையும் முதுகில் ஏற்றிக்கொண்டு போயிற்று, ஸ்பீக்கரை மட்டும் களிமண்ணில் குப்புறப் போட்டுவிட்டுப் போயிற்று. கந்தவேல் தலையில் கைவைத்துக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்தார். "ஏனுங்க நாட்டாரே, நான் என்னுங்க தப்பு பண்ணிப்போட்டேன், நல்லாத்தானுங்க வச்சிருந்தேன்" என்று அவர் கேட்டபோது எங்களுக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது. பெண்சாதி போன வீட்டில் எல்லா ஆம்பிளையும் இதே பாட்டைத்தான் பாடுவான் என்று எல்லம்மா தேசிங்குக்குக் காது கேட்கிற தூரத்தில் சொன்னாள்.

ஊர்க்கூட்டம் கூடியது, இந்தத் தடவை ஏசி இல்லாமல், மாரியம்மன் கோயில் வேப்பமரத்தடியில். குற்றம் யார்மேல் என்பதில் ஊர் இரண்டாக உடைந்தது. மாமியார்கள் எல்லாம் வந்த இடத்தில் மணல் அனுசரித்துப் போயிருக்க வேண்டும் என்றார்கள், மருமகள்கள் எல்லாம் டிராக்டர் ஏற்றினால் கல்லுகூடப் போய்விடும் என்றார்கள், மாமியாராகவும் மருமகளாகவும் ஒரே சமயத்தில் இருந்தவர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு பேசாமல் இருந்தார்கள். போய் முறையாக அழைத்து வருவதுதான் சரி என்று முடிவானது. ஆனால் மணலுக்கு மாப்பிள்ளை யார் என்ற கேள்வியில் கூட்டம் மறுபடி உடைந்தது. கடல்தான் மாப்பிள்ளை, ஆனால் கடலை ஆத்துவாய்க்குக் கூட்டிப்போனால் அங்கேயும் இதே கடல்தானே இருக்கிறது என்று ஒருவர் சொல்ல, அதை எல்லோரும் ஒத்துக்கொண்டோம். ரிசார்ட்டை மாப்பிள்ளையாக்க ஊர் சம்மதிக்கவில்லை. கடைசியில், தினமும் காலையில் எழுந்து அதன் முகத்தில் விழித்தவன் எவன் என்று பார்த்தால் கடற்கரைப் பொறுப்பாளன் தேசிங்குதான் என்று நாட்டார் தீர்ப்புச் சொன்னார்.

"நா வரல" என்றான் தேசிங்கு. "ஆத்துவாய்க்கு நா வரல மாமா."

"பொண்டாட்டிய கூப்பிட ஒன்ன யாருடா இட்டுக்கினு போறா? மண்ண கூப்பிடத்தான் வர" என்றார் நாட்டார். நாங்கள் அத்தனை பேரும் தரையைப் பார்த்துச் சிரிப்பை அடக்கினோம். மறுநாள் அவன் முகச்சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டு, மண்ணுக்காக யாரும் போடாத அளவு பவுடர் போட்டுக்கொண்டு வந்து நின்றான்.

வெற்றிலை பாக்கு, பூ, பழம், கல்கண்டு என்று தட்டுகள் தயாராயின. புடவை எடுக்காமல் போவதா என்றார்கள் பெண்கள், அவ்வளவு பெரிய உடம்புக்கு எந்தக் கடையில் புடவை கிடைக்கும் என்றார்கள் ஆண்கள், கந்தவேல் ரிசார்ட்டின் படுக்கை விரிப்புகளையெல்லாம் எடுத்து ஒன்றோடொன்று தைக்கச் சொல்லி, ஓரத்தில் ஜரிகையும் ஒட்டி, டெம்போவில் ஏற்றினார். மனுஷனுக்கு ஆசை இருந்தது, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பறைமேளம் முன்னால் போக, நாட்டார் நடுவில் போக, நான் ஒரு வாழைப்பழத் தட்டோடு பின்னால் போனேன். கிளம்பும்போது நாட்டார் எல்லோரையும் நிறுத்தி ஒரே ஒரு விஷயத்தைச் சொன்னார். விவகாரம் பேசப் போகிற வீட்டில் பேச்சு முடிந்து, சரி அனுப்புகிறோம் என்ற வார்த்தை வருகிற வரைக்கும் யாரும் கை நனைக்கக் கூடாது. ஒரு விள்ளல் தின்றாலும் ஒரு வாய் காப்பி குடித்தாலும், அவர்கள் கேட்பதற்கெல்லாம் நமக்குச் சம்மதம் என்று ஆகிவிடும். இது எங்கள் பக்கத்தில் பால்குடி மறந்த நாளிலிருந்து எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். தெரியாதவர் கந்தவேல் ஒருவர்தான் என்பதால் நாட்டார் அவருக்கு மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"பச்சத் தண்ணிகூடக் குடிக்க மாட்டேனுங்க" என்றார் கந்தவேல், எச்சிலை விழுங்குவதற்கே பயந்துகொண்டு.

ஆத்துவாய்க்காரர்கள் பந்தல் போட்டு, பாய் விரித்து, முகத்தை மட்டும் உர்ரென்று வைத்துக்கொண்டு எங்களை உட்காரவைத்தார்கள். பந்தலுக்குப் பின்னால் முகத்துவாரம் தெரிந்தது, அங்கே மணல் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது, பக்கத்தில் எங்கள் குடைகள் வரிசையாக மடக்கி வைக்கப்பட்டிருந்தன. அவர்களுடைய படகுகளோ உள்ளே ஆற்றில் மாட்டிக்கொண்டு நின்றன. இதில் ஒரு சங்கதி உண்டு. மணல் போய்த் தொலைந்ததில் ஆத்துவாய்க்காரர்களுக்கு அவ்வளவு சந்தோஷம், முகத்துவாரம் திறந்து படகெல்லாம் தாராளமாகக் கடலுக்குப் போய்வந்தது, அது திரும்பி வந்து வழியை அடைத்துக்கொண்டதில் ஒரு படகும் வெளியே போக முடியாமல் ஊரே வெறுங்கையோடு இருந்தது. எப்போது எழுந்து போகும் என்று ஒவ்வொருவரும் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தார்கள். ஆனால் அழுதுகொண்டு வந்த பெண்ணைப் போ என்று எந்த ஆத்தா வீடு சொல்லும், சொன்னால் நாலு ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியுமா, அதனால் மீசையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"எங்க வூட்டு மண்ணு" என்று ஆரம்பித்தார் அவர்களுடைய நாட்டார் கன்னியப்பன். "இங்க இருந்த வரைக்கும் ஒரு டிராக்டர் அது மேல ஏறனதில்ல. எங்க வூட்ல அது ராணி மாறி இருந்திச்சி."

"ராணிய கப்பல் வச்சி உறிஞ்சிக் குடுத்தப்ப எங்க போயிருந்தீங்க?" என்றார் எங்கள் நாட்டார்.

"அது கவுருமண்டு. நாங்க தாரவாத்தா குடுத்தோம்? சொல்லுங்க, நாங்க தாரவாத்தா குடுத்தோம்?"

இப்படியே வெயில் ஏறும்வரை பேச்சு முன்னே போவதும் பின்னே வருவதுமாக இருந்தது. காப்பி வந்தது, ஆறியது, ஆடை கட்டியது. முறுக்கு வந்தது, எறும்பு வந்தது. யாரும் கையை நீட்டவில்லை. கந்தவேல் இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார். எங்கள் பக்கம் மெல்ல வலுத்துக்கொண்டிருந்தது, கன்னியப்பனின் சுருதி இறங்கிக்கொண்டிருந்தது, இன்னும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தால் ஒரு நிபந்தனையும் இல்லாமல் மணலை அழைத்துக்கொண்டு போயிருப்போம்.

அப்போதுதான் காற்று திரும்பியது. பந்தலுக்குப் பக்கத்தில் ஒரு ஓலைக் கொட்டகையில், எங்களைப் பார்க்காத மாதிரி உட்கார்ந்து, பூங்காவனம் கெழங்கா மீன் வறுத்துக்கொண்டிருந்தாள். மிளகாயும் பூண்டும் சோம்பும் சேர்ந்து எண்ணெயில் பொரிகிற அந்த வாசனை பந்தலுக்குள் வந்து ஒவ்வொருவர் மூக்கிலும் உட்கார்ந்தது. நான் வாழைப்பழத் தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். நாட்டார் கண்ணை மூடிக்கொண்டார். தேசிங்கு எழுந்ததை நாங்கள் பார்த்தோம், நீர் கழிக்கப் போகிறான் என்று நினைத்தோம், அவன் நேராகப் போய்ச் சட்டியின் முன்னால் குந்தி, வாழையிலையில் எடுத்து வைத்திருந்த மீனில் ஒன்றை எடுத்து, சூடு பார்க்காமல், முள் பார்க்காமல், ஒரு வருஷத்துப் பசியோடு தின்றான். தின்று முடித்து, விரலைச் சப்பி, இன்னொன்றை எடுத்தான். அவள் தடுக்கவில்லை, எடுத்துக் கொடுக்கவுமில்லை.



"மாப்ள கை நனச்சிட்டாரு" என்றார் கன்னியப்பன். அவர் குரலில் அத்தனை ஆனந்தம் இருந்தது.

எங்கள் நாட்டார் தலையிலிருந்த துண்டை எடுத்து மடியில் போட்டார். ஒரு கெழங்கா மீனுக்கு ஊரை விற்றுவிட்டான் பாவி என்று எனக்குப் பக்கத்தில் யாரோ முணுமுணுத்தார்கள். "அப்போ நானுங்க அந்த முறுக்கத் திங்கலாமுங்களா?" என்று கந்தவேல் கேட்டார், பதிலுக்குக் காத்திராமல் தின்னவும் தொடங்கினார், பாவம், காலையிலிருந்து பட்டினி.

இனி அவர்கள் கேட்டதைக் கொடுக்க வேண்டியதுதான். மண்ணுக்கு வாய் இல்லை, அதன் சார்பாக இங்கிருந்து அங்கே வாழப்போன பெண் எவளாவது பேசட்டும் என்று கன்னியப்பன் சொல்ல, ஊர் முழுக்கக் கொட்டகையைப் பார்த்தது. பூங்காவனம் அடுப்பைத் தணித்து, கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். தேசிங்கை அவள் பார்க்கவில்லை. முகத்துவாரத்தைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"டிராக்டர் ஏத்தக் கூடாது. அந்தப் பாட்டுப் பொட்டி ஊருக்குள்ளயே வரக் கூடாது. அது மேல படுக்கறவங்க எழுந்து போவும்போது போயிட்டு வரேன்னு சொல்லிட்டுப் போவணும். காலைல விடிஞ்சதும் யாராவது ஒருத்தர் கிட்ட வந்து நின்னு, சாப்டியான்னு ஒரு வார்த்த கேக்கணும். மீன் காயவைக்கறவள, வறுக்கறவள யாரும் எழுப்பக் கூடாது. ஆடி மாசம் ஆத்தா வூட்டுக்கு அனுப்பணும், முடிஞ்சதும் வந்து கூப்பிடணும்."

ஆடி மாதம் என்றதும் ஆத்துவாய்ப் படகுக்காரர்கள் முகம் சுருங்கியது, ஆனால் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. "யாருங்க கேக்கோணும், சாப்டியான்னு?" என்றார் கந்தவேல்.

"நீங்கதான் சார்" என்றாள்.

அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். படுக்கை விரிப்புப் புடவையைப் பிரித்து மணலின் மேல் போர்த்தினார்கள், கொஞ்சம் நீளம் பற்றவில்லை, அதை யாரும் குறை சொல்லவில்லை. மேளம் அதிர்ந்தது. மணல் கொஞ்ச நேரம் பிகு செய்துவிட்டு, பிறகு எழுந்து, ஜரிகையைச் சரிசெய்துகொண்டு, எங்களுக்கு முன்னால் வடக்கே நடக்கத் தொடங்கியது. பின்னால் முகத்துவாரம் திறந்து, ஆத்துவாய்ப் படகுகளின் மோட்டார்ச் சத்தம் கேட்டது. கன்னியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார், எதற்கென்று அவருக்கே வெளிச்சம்.

எல்லோரும் போன பிறகும் தேசிங்கு அசையவில்லை. நான் செருப்பைத் தேடுகிற மாதிரி பந்தல் ஓரத்தில் நின்றேன், செருப்பு காலில்தான் இருந்தது.

"மண்ணுக்கு மேளம்" என்றாள் பூங்காவனம், சட்டியைக் கழுவிக்கொண்டே. "மண்ணுக்குத் தட்டு, மண்ணுக்குப் பொடவ. எனக்கு ஆட்டோக்காரன்."

"பூங்கா" என்றான் அவன்.

"மொத கம்ப புடுங்கும்போது ஒனக்குக் கை நடுங்கிச்சா?"

வேறு ஆளாக இருந்தால் ஆமாம் என்றிருப்பான். "இல்ல" என்றான். "ரெண்டாவதுல நடுங்கிச்சி."

"அப்புறம் எதுக்கு மூணாவத புடுங்குன?"

"மேனேஜரு பாத்துக்கினு இருந்தாரு."

அவள் சட்டியைக் கவிழ்த்து வைத்தாள். பொய்யாவது சொல்லியிருக்கலாமே இந்த மடையன் என்று எனக்கு இருந்தது. "போ" என்றாள். "நாளைக்கி வா. ஊரக் கூட்டிக்கினு வராத, தனியா வா."

"என்னா எடுத்துக்கினு வரட்டும்?"

"ஒண்ணும் வேணாம். வாய எடுத்துக்கினு வா."

மறுநாள் காலை கந்தவேல் கரையில் கைகட்டி நின்று, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "சாப்பிட்டீங்களாங்க" என்று மணலிடம் கேட்டார். அந்த நேரத்தில் தேசிங்கு தனியாகத் தெற்கே போனான், கையில் ஒன்றுமில்லை. வருவாளா மாட்டாளா என்று ஊருக்குள் மறுபடி கருத்துகள் கிளம்பின, மாமியார்கள் வருவாள் என்றார்கள், மருமகள்கள் வரக் கூடாது என்றார்கள். மத்தியானம் ஆனது, ஆளைக் காணோம். கடலுக்குப் போய்த் திரும்பிய ஆத்துவாய்ப் படகுக்காரர்கள், அவன் கொட்டகை வாசலில் நின்று இன்னும் பேசிக்கொண்டே இருக்கிறான், நாங்கள் போகும்போதும் பேசினான், வரும்போதும் பேசினான் என்று சேதி சொன்னார்கள். எங்களுக்கு நம்ப முடியவில்லை. அந்தப் பயல் எங்களிடம் ஒரு நாளில் பேசுவதை எண்ணினால் ஒரு கை விரல் மிஞ்சும்.

வெயில் தாழ்ந்தபோது இரண்டு பேரும் பஸ்ஸிலிருந்து இறங்கினார்கள். தேசிங்குக்குத் தொண்டை கட்டிக் குரலே வரவில்லை, எதைக் கேட்டாலும் கையைத்தான் ஆட்டினான். எல்லம்மா விடுவாளா, பூங்காவனத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்படி இன்னாதாண்டி பேசுனான்?" என்று கேட்டாள்.

"உருப்படியா ஒண்ணும் பேசல அத்த" என்றாள் பூங்காவனம். "மூணாவது கம்பு வரைக்கும் சொல்லுவாரு, அங்கயே நின்னுடுவாரு, திரும்ப மொதல்ல இருந்து ஆரம்பிப்பாரு. காலைல இருந்து அதையேதான் சொன்னாரு. சாயங்காலமா, நாலாவதும் நாந்தான் புடுங்குனேன், அப்போ மேனேஜருகூட பாக்கலன்னு சொல்லிட்டு அழுதாரு. சரி வான்னு இட்டுக்கினு வந்துட்டேன்."